முன்பாட்டு இல்லாத பாட்டு

போன வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரிக் கும்மி பாடும்போது நான் ஒரு வழியில் போனேன், ஊர் இன்னொரு வழியில் போனது. எம்.ரெட்டியபட்டியில் பதினாறு வருஷமாக முன்பாட்டு நான்தான். மைக் முன்னால் நின்று நான் ஓர் அடி பாடுவேன். பெண்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே கை தட்டிச் சுற்றி வருவார்கள். அவர்கள் முடித்ததும் நான் அடுத்த அடியை எடுப்பேன். அந்த வருஷம் மூன்றாம் நாள் நான் அடுத்த அடிக்குப் போனபோது அவர்கள் இன்னும் முந்தின அடியிலேயே இருந்தார்கள். யாரோ சிரித்த மாதிரி இருந்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். என் நாத்தனார் முனீஸ்வரி வந்து தோளைத் தொட்டு, "மதினி, நீங்க ஒரு பக்கம் போறீக, நாங்க ஒரு பக்கம் போறோம்" என்றாள். நான் அவளை முறைத்துவிட்டு, மைக் செட்டுக்காரனைப் பிடித்து நன்றாக ஏசினேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

தப்பு என் இடது காதில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிறேன். ஓடுகிற பிரேம் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. அந்தச் சத்தத்தில் காதால் பேச்சுக் கேட்பவர் அங்கே யாருமில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். சண்டை, கல்யாணப் பேச்சு, சூப்பர்வைசரைப் பற்றிய வம்பு எல்லாம் உதட்டிலேயே நடக்கும். அதனால் காது மெல்ல மெல்லப் போனது மில்லில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் புருஷனோ பருத்திக் காட்டில் கத்திப் பழகியவர், வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். செல்போனை இடது காதில் வைத்தால் ஒன்றும் இல்லை, வலது காதில் வைத்தால் பேச்சு இருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் எனக்கே உறைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. அவர் காதைப் பார்ப்பார், சீட்டு எழுதுவார். எனக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. பத்துப் பேரோடு சேர்ந்து நிற்கும்போது என்னால் இன்னும் பாட முடியுமா, முடியாதா என்பதுதான் என் கேள்வி. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் டெஸ்ட் கிடையாது.

இந்த வருஷம் மாசி கடைசியில் முனீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். "வார செவ்வாக்கெழம முத்துப் பரப்புறோம் மதினி" என்றாள். ஓட்டில் எருவைப் போட்டுப் பயறுகளை விதைப்பதைத்தான் முத்துப் பரப்புவது என்போம், அன்றைக்கே கும்மியும் தொடங்கிவிடும். வாசலைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருசம் நீங்க பாடுறீகளா, இல்ல சின்னவ யாரையாச்சும் பாடச் சொல்லுவமா?" என்று கேட்டாள்.

பதினாறு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "ரோசன பண்ணிச் சொல்றேன்" என்றேன். அவள் போன பிறகு அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்துபோகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் மில்லில் பக்கத்துப் பிரேம் வியாகுலமேரி கையை ஆட்டி என்னைத் திரும்ப வைத்து, உதட்டால் சொன்னாள். சனிக்கிழமை அருப்புக்கோட்டையில் அவர்கள் மாதா கோயில் ஹாலில் நாள் முழுக்கப் பாட்டுப் பயிற்சியாம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின வெளிநாட்டுக் கோயில் பாட்டாம். யார் வேண்டுமானாலும் வரலாம், மதியச் சாப்பாடும் உண்டாம்.

"நாலு கூட்டமாப் பிரிஞ்சு, நாலு விதமா, ஒரே நேரத்துல பாடணுமாம்" என்றாள்.

"அப்ப முன்பாட்டு யாரு?"

"அதெல்லாம் கெடையாதாம்."

நான் நம்பவில்லை. முன்பாட்டு இல்லாமல் ஒரு பாட்டு எப்படி நகரும்? நாலு பேர் நாலு விதமாக ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் அது குழாயடிதானே, பாட்டா? அதை ஐந்நூறு வருஷம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ சமாச்சாரம் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிகிற வரைக்கும் இதே யோசனை. கூடவே ஒரு கள்ள யோசனையும் வந்தது. அங்கே என்னைத் தெரிந்தவள் மேரி ஒருத்திதான். தெரியாத கூட்டம், தெரியாத பாட்டு. அங்கே நின்று பார்த்தால் என் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். கெட்டுப்போனாலும் ஊருக்குச் சேதி போகாது. சனிக்கிழமை எனக்கு வார லீவும் கூட.

ஊருக்குச் சேதி போகாது என்று நினைத்துக்கொண்டு எங்கள் ஊர் காளிராஜின் ஷேர் ஆட்டோவிலேயே போனேன் பாருங்கள், என் புத்தி அவ்வளவுதான். காளிராஜுக்குக் கனத்த குரல். ஹால் வாசலில் இறக்கிவிட்டு, "சித்தி, எத்தன மணிக்குத் திரும்ப வரட்டும்?" என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். உள்ளே இருந்து ஓர் இளைஞர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க பாட வந்தீங்களா?"

"நான் ஆட்டோ ஓட்ட வந்தேன்."

"கீழ்க் குரலுக்கு மூணு பேருதாண்ணே இருக்காங்க. உங்களுக்குப் பாடத் தெரியாட்டியும் பரவாயில்ல, நான் சொல்லித் தாரேன்."

காளிராஜ் என்னைப் பார்த்தான், ஆட்டோவைப் பார்த்தான். "மத்தியானம் பிரியாணியா?" என்று கேட்டான். தவக்காலம், கறி கிடையாது, சாம்பார்தான் என்று மேரி சொன்னாள். அவன் முகம் வாடினாலும் ஆட்டோவை வேப்பமர நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

ஓடிவந்த இளைஞர்தான் பயிற்சி நடத்துகிறவர். பேர் ஹரி. காரியாபட்டிக்காரர், மதுரையில் ஒரு பாட்டுக் குழுவில் இருக்கிறார். மாதா கோயில் பாட்டைச் சொல்லித்தர ஹரியா என்று நான் மேரியை உதட்டால் கேட்டேன். "பாட்டுத் தெரிஞ்சாப் போதும்னு எங்க சாமியாரு சொல்லிட்டாரு" என்று அவளும் உதட்டால் சொன்னாள். மில் பழக்கம், அமைதியான இடத்தில் இது இன்னும் வசதியாக இருந்தது.

மொத்தம் முப்பத்து நாலு பேர். ஹரி முதல் வேலையாக எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். சிமெண்ட் ஷீட் கூரை, பங்குனியை நெருங்குகிற வெயில். எல்லோரும் முனகினார்கள். ஃபேன் சத்தத்தில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது என்றார். எனக்கு மட்டும் அந்த நிசப்தம் பயமாக இருந்தது. சத்தத்துக்குள் எனக்கு ஒளிந்துகொள்ளத் தெரியும்.

ஒவ்வொருவரையும் 'ஆ' என்று மேலும் கீழும் பாடச் சொல்லி நாலாகப் பிரித்தார். மேல் குரல் பெண்கள் சோப்ரானோ, கீழ்க் குரல் பெண்கள் ஆல்டோ. ஆண்களில் அதே மாதிரி டெனர், பேஸ். மேரி சோப்ரானோ. நான் ஆல்டோ. காளிராஜ் பேஸ் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறை மாதிரி வளைவாக எங்களை நிற்க வைத்தார். எனக்கு இடப்பக்கம் சோப்ரானோ, வலப்பக்கம் ஆண்கள்.

பாட்டு என்று அவர் கொடுத்த தாளில் கோடு கோடாகப் புள்ளிகள். கீழே ஒரே ஒரு வார்த்தை, அதையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தது. ஆமென். ஒரு பூசையின் கடைசியில் பாடுவது, எழுதியவர் பேர் தெரியாது என்றார். நாலு நிமிஷத்துக்கு இந்த ஒரு வார்த்தைதான்.

நான் கையைத் தூக்கினேன். "தம்பி, ஒரு வார்த்தைக்கு எதுக்கு நாலு நிமிசம்?"

"அவங்களுக்கு அவசரம் இல்லக்கா" என்றார் ஹரி.

"சரி. இதுல முன்பாட்டு யாரு?"

"யாரும் இல்லக்கா. எல்லாரும் முன்பாட்டுத்தான்."

"எல்லாரும் வேற வேற பாடுனா சாமிக்கு யாரு பாடுறது கேக்கும்?"

"சாமிக்கு நாலு பக்கமும் காது இருக்கும்லக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நானும் சிரித்து வைத்தேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக அவர் மெட்டைச் சொல்லித் தந்தார். பாட்டை வாங்கிக்கொள்வதில் நான் கில்லாடி. கும்மிப் பாட்டு நூற்றுக்கு மேல் எழுதாமல் மண்டையில் வைத்திருப்பவள். ஆல்டோ மெட்டை மூன்றாம் தடவையே பிடித்துவிட்டேன். தொடையில் தட்டிக்கொண்டு கணக்கு வைத்துக்கொண்டேன். 'ஆ'வை நீட்டி, ஏற்றி, இறக்கி, சுற்றி வந்து 'மென்' சொல்வதற்குள் திருச்சுழி பஸ் புறப்பட்டுப் போயே சேர்ந்துவிடும். ஆனால் அந்த வளைவுகள் அழகாக இருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு சேர்த்துப் பாட வைத்தார். சோப்ரானோ தொடங்கினார்கள். அவர்கள் பாடுகிற அதே மெட்டை ஆல்டோ கொஞ்சம் கீழே வைத்து எடுக்க வேண்டும். ஹரி எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் திறக்கவில்லை.

"ஏன்க்கா நுழையல?"

"அவுக இன்னும் முடிக்கலையே தம்பி."

மறுபடியும் சிரிப்பு. ஹரி சிரிக்கவில்லை. "அவங்க முடிக்கவே மாட்டாங்கக்கா. பாடிக்கிட்டு இருக்கும்போதுதான் நீங்க நுழையணும்."

"பாடிக்கிட்டு இருக்கவுகள எப்படி மறிச்சுப் பாடுறது?"

கேட்கிறபோதே எனக்குப் புதிராக இருந்தது. எங்கள் ஊரில் ஒருத்தி பாடும்போது இன்னொருத்தி எடுத்தால் அது சண்டைக்கு அழைப்பு. முன்பாட்டு முடித்தால் பின்பாட்டு, பின்பாட்டு முடித்தால் முன்பாட்டு. முப்பது வருஷமாக என் வாய் மற்றவர் வாய் மூடுவதற்குக் காத்திருந்தே பழகியது. ஹரி, "மறிக்கல அக்கா. அவங்க ரோட்டுல போயிக்கிட்டு இருக்காங்க. நீங்க பக்கத்துல சேந்து நடக்குறீங்க. அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த தடவை அவர் கை காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தேன். திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வேறொரு கூத்து நடந்தது. ஆல்டோ பெண்கள் ஒவ்வொருத்தியாக சோப்ரானோ மெட்டுக்குள் சரிந்தார்கள். கோயில் பாட்டுக் குழுவில் வருஷக்கணக்காகப் பாடுகிறவர்களே சரிந்தார்கள். இங்கே எல்லோரும் ஒரே மெட்டில் சேர்ந்து பாடியே பழகியவர்கள், பக்கத்துக் குரல் ஓங்கினால் தானாக அதோடு ஒட்டிக்கொள்வார்கள். கடைசியில் ஆல்டோவில் மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. ஹரி பாட்டை நிறுத்தினார்.

"அந்த அக்கா நகரவே மாட்டேங்கிறாங்க, பாத்தீங்களா? எல்லாரும் அவங்களச் சுத்தி நில்லுங்க. அவங்களப் பிடிச்சுக்கங்க."

எட்டுப் பேர் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இதற்குத்தானே வந்தேன். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். முனீஸ்வரிக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது, நான்தான் பாடுவேன், சின்னவளாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் வரைக்கும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு டீச்சரம்மாவுக்கு மூச்சை எப்படி அடக்குவது என்று சொல்லிக்கூடக் கொடுத்தேன்.

மதியம் சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும். வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே வலப்பக்கம் இருந்த டீச்சரம்மாவிடம் கும்மியைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தது. இடப்பக்கம் மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நாலு தடவ கூப்புட்டேன்" என்றாள்.

"பேசிக்கிட்டு இருந்தேன்."

அவள் தன் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"எம்புட்டு நாளா?" என்றாள் மெதுவாக. உதடு நன்றாகத் தெரிந்தது.

சொன்னேன். ஒரு வருஷமோ, ரெண்டோ என்றேன். முளைப்பாரியையும் செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். யாருக்கும் சொன்னால் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள், தெரியவில்லை என்றதும் திரும்பி முகத்தைக் காட்டிச் சொன்னாள்.

"நாங்க நிக்கிறது ஒனக்கு எடப்பக்கம். அதான் நீ நகரல."

அதைச் சொன்னதில் அவளிடம் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, எனக்குத் தெரியும். காலையில் எட்டுப் பேர் பிடித்துக்கொண்டது என் பாட்டை இல்லை, என் செவிட்டை. சோப்ரானோ பாடியது எனக்குக் கேட்டிருந்தால்தானே நான் இழுபட்டிருப்பேன்? கல்லையும்தான் யாரும் நகர்த்த முடியாது. மிச்சச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹரி, "காலைல நான் கை காட்டுனேன், நீங்க நுழைஞ்சீங்க. இனிமே காட்ட மாட்டேன். சோப்ரானோ மெட்டு மேல ஏறிட்டு எறங்குற எடத்துல ஆல்டோ நுழையணும். கேட்டு நுழைங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கேட்க வேண்டுமாம். நான் சோப்ரானோ பக்கம் தலையைத் திருப்பினேன். உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பத்தொன்பது வருஷமாக இந்த வித்தை என்னைக் கைவிட்டதில்லை. பாட்டுத் தொடங்கியது. பதினோரு வாய்கள் 'ஆ' என்று திறந்தன. திறந்தபடியே இருந்தன. ஏறும்போதும் 'ஆ', இறங்கும்போதும் அதே 'ஆ'. ஒரு வாயிலும் ஒரு சேதியும் இல்லை. மேரியின் வாயையே வெறித்துப் பார்த்தேன். அவள் கண்ணால் ஏதோ காட்டினாள், புரியவில்லை. என்னைச் சுற்றி எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குத்துமதிப்பாக நுழைந்தேன். எட்டுப் பேரும் என் பின்னாலேயே நுழைந்தார்கள். தப்பான இடம். எங்களை நம்பி நுழைந்த டெனரும் தப்பு. பேஸில் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் காளிராஜ் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போய் நின்றான்.

"பரவால்ல, இன்னொருக்க" என்றார் ஹரி.

இரண்டாம் தடவை பிந்திவிட்டேன். மூன்றாம் தடவை எனக்குத் தைரியம் வரவில்லை, நுழையவே இல்லை. நான் நுழையாததால் யாருமே நுழையவில்லை. சோப்ரானோ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டே போய் ஒவ்வொரு வாயாக மூடியது. போன வருஷம் கும்மியில் நடந்ததேதான். பையை எடுத்துக்கொண்டு அப்படியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆட்டோக்காரனோ பேஸில் நிற்கிறான். அந்த நேரத்தில் அதை நினைத்தும் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில்தான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, தப்பு இவுக மேல இல்ல. எனக்கு எடது காது கேக்காது."

முப்பத்து நாலு பேர் முன்னால், ஃபேன் ஓடாத ஹாலில் அதைச் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. காளிராஜ் தரையைப் பார்த்தான். ஹரி "அடடா" என்றோ "பாவம்" என்றோ சொல்லியிருந்தால் நிச்சயம் கிளம்பியிருப்பேன். அவர் எழுந்து வந்து கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"வலது காது?"

"அது நல்லாக் கேக்கும்."

"அப்ப நீங்க இங்க வாங்க" என்று சோப்ரானோவைத் தாண்டி இடக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார். "இப்ப எல்லாரும் உங்களுக்கு வலப்பக்கம். எல்லாமே கேக்கும். ஆனா ஒண்ணு அக்கா, ஆல்டோவுல யாரும் உங்க பக்கத்துல இல்ல. இங்க நின்னா தொலஞ்சுதான் போவீங்க. தொலஞ்சாப் பரவால்ல, பாடுங்க." அந்தப் பக்கம் திரும்பி, "ஆல்டோ, நீங்களும் இனிமே யாரையும் பிடிச்சுக்க வேணாம்" என்றார்.

மேரிக்குப் பக்கத்தில் நின்றேன். பாட்டுத் தொடங்கியது.

முதலில் கேட்டது அவள் குரல். பத்தொன்பது வருஷமாக அவள் உதட்டைத்தான் பார்த்திருக்கிறேன், பாடிக் கேட்டது அன்றைக்குத்தான். மில்லில் உதட்டாலேயே வசை பாடுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு குரலா என்று வியந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கோடியில் ஆல்டோ நுழைந்தார்கள். சரியான இடத்தில், நான் இல்லாமல். நான் நுழைய மறந்தே போனேன். அதே மெட்டு கொஞ்சம் கீழே நடந்து வந்தது. மேரி ஒரு சுரத்தில் நீட்டி நின்றாள், ஆல்டோ நகர்ந்தது. ஆல்டோ நின்ற இடத்தில் மேரி நகர்ந்தாள். பிறகு டெனர். எல்லோருக்கும் அடியில், தரையிலிருந்து வருகிற மாதிரி, பேஸ். அதற்குள் காளிராஜின் குரலைத் தனியாக எடுத்துக் கேட்க முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற அதே குரல்தான், இங்கே அது மற்ற மூன்றையும் சுமந்தது. முன்பாட்டு யார் என்று தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு நிமிஷமும் வேறு வேறு ஆளாக இருந்தது. இது எப்படிச் சாத்தியம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

இரண்டாம் சுற்றில் நானும் நுழைந்தேன். நாலைந்து சுரம் ஆல்டோ மெட்டில் ஒழுங்காகத்தான் போனேன். பிறகு மேரியின் குரல் என் வலது காதில் வந்து நிறைந்தது, என் குரல் வழுக்கிக்கொண்டு போய் அதோடு ஒட்டிக்கொண்டது. காலையில் யாராலும் நகர்த்த முடியாதவள் நான். இப்போது ஒரு பெண்ணின் குரல் இழுத்த இழுப்புக்குப் போனேன்.

தப்புப் பண்ணிவிட்டேன். தப்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது, காதில் கேட்டது. போன வருஷம் முனீஸ்வரி வந்து தோளைத் தொடுகிற வரைக்கும் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். நிறுத்திவிட்டு, ஆல்டோவைத் தூரத்தில் தேடி, அவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கண்டுபிடித்து, மறுபடியும் சேர்ந்துகொண்டேன். இன்னொரு தடவை தொலைந்தேன். இன்னொரு தடவை கண்டுபிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து வேறு தொலைத்தது. சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

கடைசி 'மென்'னில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றோம். ஹரி வந்து, "தொலஞ்சீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ தம்பி."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஃபேனைப் போடச் சொன்னார்.

சாயங்காலம் ஆட்டோவில் திரும்பும்போது காளிராஜ் முன்னால் உட்கார்ந்து பேஸ் மெட்டையே முனகிக்கொண்டு வந்தான். அவன் ஊரில் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து வலது காதில் வைத்து முனீஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"முனீசு, இந்த வருசமும் நான்தான் பாடுறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கு எடது காது கேக்காது. நீங்க எல்லாரும் வலப்பக்கமா நின்னா நல்லாக் கேக்கும். நான் வழி மாறிப் போனா..."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"ஏ, இருக்கியா?"

"இருக்கேன் மதினி. எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காதுதான். முந்துன வருசமே தெரியும். எடப்பக்கம் நின்னு கூப்புட்டா நீங்க திரும்புறதில்லையே. அதான் போன வருசம் கும்மிய அப்படியே ஒங்க வலப்பக்கமா நகத்திக்கிட்டு வந்தோம். நீங்கதான் நாங்க சிரிக்கிறோம்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக. நாங்க நகர நகர நீங்க திரும்பிக்கிட்டே இருந்தீக."

"தெரிஞ்சுக்கிட்டு ஏண்டி ஒருத்தியும் சொல்லல?"

"சொன்னா நீங்க பாடுறதயே விட்டுருவீகன்னு பயந்தோம். சின்னவளப் பாடச் சொல்லவான்னு கேட்டதும் சும்மாதான். கோவத்துலயாச்சும் நீங்களே வாயத் தொறப்பீகன்னு பாத்தோம். ரோசன பண்ணிச் சொல்றேன்னுட்டீக."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வந்து, பிறகு எல்லார் மேலும் வந்து, கடைசியில் என் மேலேயே வந்து நின்றது. ஊரே காலை நகர்த்தி நகர்த்தி எனக்குக் கேட்கிற பக்கமாக வந்து நின்றிருக்கிறது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு மைக் செட்டுக்காரனை ஏசியிருக்கிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு ஓடியது.

"செவ்வாக்கெழம வந்துருவேன்" என்றேன். "போன வருசம் நின்ன மாதிரியே நில்லுங்க. நான் திரும்ப மாட்டேன்."